ஏசிக்கு இருபத்திரண்டு தினார்

சம்பளம் விழுந்த செய்தி வந்த பதினோராவது நிமிஷம் வைரவனின் போன் மறுபடியும் சிணுங்கியது. பதினெட்டு மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில், ஏசி இயந்திரத்தின் வயிற்றுக்குள் பாதி உடம்பை நுழைத்துக் கிடந்தான் அவன். கையிலிருந்த கிரீஸைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு போனை எடுத்துப் பார்த்தான்.

அறுபத்தாறு தினார் போயிருந்தது. மின்சாரத்துக்கு.

போன மாதம் வரை இருபத்திநாலு. தவறாகப் படித்துவிட்டோமோ என்று கண்ணைக் கசக்கினான். கசக்கியதில் கிரீஸ் கண்ணில் பட்டு எரிந்ததுதான் மிச்சம்.

"என்னா பாய், வீட்லேர்ந்தா?" என்று கீழிருந்து கேட்டான் கூட வேலை செய்யும் பெங்காலி.

"பேங்க்லேர்ந்து," என்றான் வைரவன்.

சாயங்காலம் கம்பெனி வண்டி அவனை ஈசா டவுன் முக்கில் இறக்கிவிட்டபோது தூறிக்கொண்டிருந்தது. பஹ்ரைனில் ஜனவரி மழை என்பது அவ்வளவுதான். நாலு தூறல், பிறகு இரண்டு நாளைக்குச் சேறு. வடக்கிலிருந்து வந்த காற்று காதை அறுத்தது. சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடந்தான்.

அவன் குடியிருந்தது ஒரு பழைய வில்லா. ஒரு காலத்தில் ஒரே குடும்பம் வாழ்ந்த வீடு. இப்போது குறுக்கே சுவர் எழுப்பி நாலு குடித்தனமாக்கியிருந்தார்கள். நாலுக்கும் சேர்த்து வாசல் கேட் பக்கத்தில் ஒரே ஒரு மீட்டர், பூட்டிய பெட்டிக்குள். சாவி பாண்டித்துரையிடம். சொந்தக்காரரை, எல்லோரும் அர்பாப் என்று சொல்லும் அந்த அரபி முதலாளியை, யாரும் பார்த்ததில்லை. வாடகை வாங்குவது, குழாய் மாற்றுவது, ஆளை வைப்பது, காலி செய்வது எல்லாம் பாண்டித்துரைதான்.

ஒரே மீட்டரை நாலு வீட்டுக்குப் பிரிக்க அவர் வைத்திருந்த வழி சுலபமானது. வீட்டுக்கு எத்தனை ஏசி என்று எண்ணுவார். ஏசிக்கு எட்டு தினார். அது ஓடுகிறதா, அணைந்து கிடக்கிறதா என்பது கணக்கில் வராது. சுவரில் இருந்தால் போதும். வைரவன் வீட்டில் மூன்று இருந்தன. ஜன்னல் மாதிரி சுவரைத் துளைத்து மாட்டிய, வீட்டோடு வந்த பழைய பெட்டி ஏசிகள். ஹாலில் இருந்தது ஓடினால் பக்கத்து வீட்டுக்காரன் சுவரைத் தட்டுவான். அவ்வளவு சத்தம்.

நாகஜோதி அடுப்படியில் இருந்தாள். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. வாரத்துக்கு நாலு நாள் மாவு அரைப்பாள். ஈசா டவுனிலும் அடுத்த தெருக்களிலும் இருபத்தேழு தமிழ் வீடுகளுக்கு அவள் மாவுதான். குளிர்காலத்தில் மாவு புளிக்காமல் அடம்பிடிக்கும். வெந்நீர் ஊற்றிக் கரைத்து, ஓவனுக்குள் வைத்து, உள்ளே இருக்கும் சின்ன பல்பை மட்டும் எரியவிடுவாள். அந்தச் சூட்டில் காலைக்குள் பொங்கி மூடியைத் தூக்கிவிடும்.

"என்னங்க, முகம் இப்படி இருக்கு?"

"ஒண்ணுமில்ல. டீ குடு."

"ஒண்ணுமில்லாம கண்ணு ஏன் செவந்து கிடக்கு?"

அவன் போனை நீட்டினான். அவள் மாவுக் கையோடு குனிந்து பார்த்தாள். பிறகு கிரைண்டரை நிறுத்தினாள். அது அரைகுறையில் ஒருநாளும் நிற்காது.

"அறுபத்தாறா? யாரு எடுத்தா?"

"பாண்டித்துரை மச்சான்தான். கரன்ட்டு வெல ஏறிப்போச்சாம். வெளிநாட்டுக்காரவுகளுக்கு எல்லாம் கூட்டிட்டாகளாம். போன் பண்ணிக் கேட்டேன். ஏசிக்கு இருபத்திரண்டுன்னாரு. வர்ற மாசத்துக்கு முன்கூட்டி எடுத்ததாம், வாடகை மாதிரி."

"அவுக இஷ்டத்துக்கு நம்ம பேங்க்லேர்ந்து எப்படி எடுப்பாக?"

வைரவன் டீ டம்ளரைப் பார்த்தான். பதில் அதற்குள் இருப்பது மாதிரி.

நவம்பரில் பாண்டித்துரை மின்சாரப் பணத்துக்கென்று ஒரு படிவம் கொண்டுவந்திருந்தார். இனிமேல் கையில் காசு வாங்கும் வேலையே இல்லை மாப்ள, பேங்க்கே மாசாமாசம் எடுத்துக்கொள்ளும், உனக்கும் அலைச்சல் மிச்சம் என்றார். ஒரு பக்கம் அரபி, ஒரு பக்கம் ஆங்கிலம். தொகை எழுதும் கட்டம் காலியாக இருந்தது. அவர் விரல் வைத்த இடத்தில் வைரவன் கையெழுத்துப் போட்டான். வாடகைக்கு வருஷத்துக்குப் பன்னிரண்டு செக்கிலும் வெறும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துப் பழகியவன். இங்கே எல்லோரும் அப்படித்தான் கொடுக்கிறார்கள். அதிலும் பாண்டித்துரை பரமக்குடிக்காரர். இவன் மானாமதுரை. ஒரே ரயில் பாதை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கம்பெனி மூடி இரண்டு மாதம் சம்பளமில்லாமல் நின்றபோது, வாடகையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் பொறுத்தவர். அவரிடம் போய் தொகையை எழுதுங்கள் என்று எப்படிக் கேட்பது?

"கட்டத்த காலியா விட்டுட்டுக் கையெழுத்துப் போட்டீகளா?"

"நம்மாளுன்னு போட்டேன்."

வண்டியில் வரும்போது ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்ததைச் சொல்லிவிட்டான்.

"ஜோதி, நான் யோசிச்சேன். பாப்பாவுக்குப் பத்தாவது பரீச்சை மார்ச்ல முடியுது. முடிஞ்சதும் நீங்க ரெண்டு பேரும் ஊருக்குப் போயிருங்க. நான் ஒரு பேச்சிலர் ரூம்ல கட்டில் எடுத்துக்கிறேன். இன்னும் அஞ்சு வருஷம். அப்பறம் எல்லாம் கலாஸ்னு முடிச்சுட்டுக் கெளம்பி வந்துர்றேன்."

உள்ளறையில் படித்துக்கொண்டிருந்த தாரிணி வாசலில் வந்து நின்றாள். கையில் வேதியியல் புத்தகம்.

"அப்பா, ஆர் யூ சீரியஸ்?"

"உள்ள போ பாப்பா," என்றாள் நாகஜோதி. அவள் போகவில்லை.

தாரிணி பிறந்ததிலிருந்து பதினோரு வருஷம் நாகஜோதி மானாமதுரையிலும் வைரவன் கடலுக்கு இந்தப் பக்கமும் இருந்தார்கள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் லீவு. தாரிணிக்கு அப்பா என்றால் போன். நாலு வருஷத்துக்கு முன்னால் குடும்ப விசா கிடைத்து வந்தபோது, விமான நிலையத்தில் மகள் அவனைப் பார்த்து "வாங்க" என்று சொன்னாள். விருந்தாளியைக் கூப்பிடுவது மாதிரி. அதை அவன் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. ஆனால் அவளும் அன்று அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றாள்.

நாகஜோதி கையைக் கழுவினாள். முந்தானையில் துடைத்தாள்.

"பதினோரு வருசம் போன்லயே குடும்பம் நடத்தியாச்சு. இன்னொரு அஞ்சு வருசத்துக்கு என்னால ஆகாது. போறதுன்னா மூணு பேரும் போவோம். இருக்கதுன்னா மூணு பேரும் இருப்போம்."

"மூணு பேரும் போயி ஊர்ல என்ன திங்கிறது?"

"அப்ப இருப்போம்."

"அறுபத்தாறு ஜோதி. மாசாமாசம். அதுவும் இந்த மாசம் அறுபத்தாறு. அடுத்த மாசம் எம்புட்டுன்னு யாரு கண்டா? கட்டம்தான் அவரு கையில இருக்கே."

"அதத்தான் முதல்ல புடுங்கணும்," என்றாள். கிரைண்டரை மறுபடி போட்டாள்.

மறுநாள் மதியம் மாவு வாங்க மாடியிலிருந்து ஜுலைஹா பீவி இறங்கி வந்தாள். கீழக்கரைக்காரி, நாகஜோதிக்கு அக்கா மாதிரி. ஐம்பத்தைந்து வயது. பள்ளிக்கூடப் பேருந்தில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலை. மகன் கார் கம்பெனியில் இருக்கிறான். முப்பது வருஷமாக இந்த நாட்டில் இருப்பதால் அரபியில் சண்டை போடத் தெரிந்தவள்.

"ஒங்களுக்குமா லாத்தா?"

"எங்களுக்கு ரெண்டு ஏசி. நாப்பத்திநாலு. எம்மவனும் ஒன் புருஷன் மாதிரிதான், விரல் வச்ச எடத்துல கையெழுத்து. பத்தாங் கிளாஸ் வரைக்கும் படிக்க வச்சேன் புள்ள. எதுக்குன்னு இப்பந்தான் கேக்குறேன்."

"மீட்டர் வைக்கச் சொல்லலாமா லாத்தா? வீட்டுக்கு ஒண்ணுன்னு?"

ஜுலைஹா பீவி சிரித்தாள். "அவன் வைப்பானா? பின்னாடி கொட்டகையில எட்டுப் பயலுவளப் போட்டு வச்சிருக்கான்ல. ரெண்டு ஏசி ராவும் பகலும் கத்துது. அவனுவ காச தனியாக் கையில வாங்கிக்கிறான். தனி மீட்டர் வச்சா அந்தக் கரன்ட்டு யாரு தலையில விழும்?"

நாகஜோதி மாவுப் பையின் வாயை முடிச்சுப்போட்டாள். வழக்கத்தைவிட இறுக்கமாக.

"பேங்க்ல நிப்பாட்டலாமாம். தாரிணி போன்ல தேடிப் பாத்துச் சொல்லுச்சு. கணக்கு யாரு பேர்ல இருக்கோ அவுக போகணுமாம்."

"அப்ப கூட்டிட்டுப் போ."

"வரணுமே."

"வராட்டி, நாளைக்கு இட்டிலி கெடையாதுன்னு சொல்லு. எம் மவனுக்கும் நான் அதத்தான் சொல்லப் போறேன்."

அன்றே, புதன்கிழமை சாயங்காலம், வைரவன் வேலை உடுப்போடு வங்கிக்குப் போனான். நாகஜோதி இடது பக்கம், தாரிணி வலது பக்கம். தப்பித்து ஓட வழியில்லை. மாலுக்குள் இருந்த அந்தக் கிளையில் சட்டையில் ஆமிரா என்று பெயர் குத்திய ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். தாரிணி ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொன்னாள். அவள் கணினியைத் தட்டி, ஒரு தாளை எடுத்து வைத்து, பேனாவைக் கொடுத்தாள்.

வைரவன் பேனாவைப் பிடித்துக்கொண்டே இருந்தான். காசு நின்றால் கேஸ் போட்டு, ஊருக்குப் போக விடாமல் தடுத்துவிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தான்.

"மேடம், நோ ப்ராப்ளம்? போலீஸ் கேஸ், டிராவல் பேன், நோ?"

அவள் அவனை ஆச்சரியமாகப் பார்த்தாள். உன் கணக்கு, உன் பணம், இதற்கு எதற்குப் போலீஸ் என்று கேட்டாள். வீட்டுக்காரருக்குக் கொடுக்க வேண்டியது இருந்தால் அதை நீங்கள் பேசிக்கொள்ளுங்கள், கேட்டதையெல்லாம் எடுக்க நாங்கள் விட வேண்டியதில்லை என்றாள்.

"என்னம்மா சொல்லுது?" என்றாள் நாகஜோதி.

"அப்பா சைன் பண்ணா முடிஞ்சுதாம்."

"பண்ணுங்க. போடுறதுக்கு முன்னாடி எல்லாக் கட்டமும் எழுதியிருக்கான்னு பாத்துட்டுப் போடுங்க."

ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. வெளியே வந்து வைரவன் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். தாரிணி போய் மூவருக்கும் ஏலக்காய் மணக்கும் கரக் டீ வாங்கிவந்தாள். டீ நன்றாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு பாண்டித்துரையின் பிக்கப் கேட்டுக்குள் வந்து நின்றது. வங்கியிலிருந்து அவருக்கும் செய்தி போயிருக்க வேண்டும். வெள்ளைச் சட்டை, திருநீறு, காதில் மாட்டிய போன். அறுபது வயதை மறைக்கும் மீசைச் சாயம். செருப்பைக் கழற்றி வாசலில் ஒழுங்காக வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

"வாங்கண்ணே. சாப்பிடுங்க."

"சாப்புட வரல தங்கச்சி."

"சாப்புட்டுப் பேசலாம். தோசை ஊத்துறேன். நேத்து வச்ச ஷேரி மீன் கொழம்பு இருக்கு."

வேண்டாம் என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. அவர் குடும்பம் பரமக்குடியில். இங்கே ஓட்டல் சாப்பாடு. நாலு தோசை தின்றார். கை கழுவிவிட்டு ஆரம்பித்தார்.

"என்ன மாப்ள, பேங்க்ல போயி நிப்பாட்டிட்டியாம்?"

வைரவன் மனைவியைப் பார்த்தான்.

"அவளை ஏன் பாக்குற? ஒன்னத்தான் கேக்குறேன். ஒனக்கு வீடு பாத்துக் குடுத்தது யாரு? ரெண்டு மாசம் வாடகை நிக்கிறப்ப அர்பாப்கிட்ட ஒனக்காகப் பேச்சு வாங்குனது யாரு?"

"நீங்கதான் மச்சான். மறக்கலை."

"மறக்காதவன் செய்ற வேலையா இது?"

"அண்ணே," என்றாள் நாகஜோதி, "அந்த ரெண்டு மாச வாடகையையும் மூணாம் மாசமே குடுத்தாச்சு. நீங்க பொறுத்ததுக்கு இந்த வீட்ல எப்ப வந்தாலும் ஒங்களுக்குச் சோறு இருக்கு. கரன்ட்டு வேற."

"கரன்ட்டு வெல நானா ஏத்துனேன்? மேல ஏத்துனா நானும் ஏத்தணும்ல?"

"ஏத்துங்க. எம்புட்டு ஓடுச்சோ அம்புட்டு குடுக்குறோம். மீட்டர் வைங்க."

"மீட்டர் வைக்கிறதுன்னா ஒயரு மாத்தணும், பெர்மிட் எடுக்கணும், அர்பாப் சம்மதிக்கணும். நடக்குற காரியமா? தோ பாரு தங்கச்சி, ஒளிச்சுப் பேச எனக்குத் தெரியாது. ஒன் வீட்ல கிரைண்டர் ஓடுது. ரெண்டு ஃப்ரிட்ஜ் ஓடுது. நீ மாவு வித்துச் சம்பாதிக்கிற. அந்தக் கரன்ட்டு யாரு வீட்டுக் கரன்ட்டு? நான் ஒரு நா கேட்டிருக்கேனா?"

அது நியாயமான கேள்விதான். நாகஜோதி தலையாட்டினாள்.

"கேட்டிருக்கணும்ணே. அதுக்குத்தான் நானும் சொல்றேன், மீட்டர் வைங்கன்னு. கிரைண்டர் தின்ன கரன்ட்டுக்கு ஒரு ஃபில்ஸ் குறையாமக் குடுக்குறேன்."

"இன்னொண்ணும் சொல்றேன். லைசன்ஸ் இல்லாம வீட்ல வச்சு மாவு விக்கிறது இங்க தப்பு. நான் ஒரு காகிதம் எழுதிப் போட்டா என்னாகும் தெரியும்ல?"

வைரவனின் முகம் வெளுத்தது. "மச்சான், அதெல்லாம் எதுக்கு," என்று எழுந்தான்.

"இருங்க," என்றாள் நாகஜோதி. குரல் உயரவில்லை. "எழுதிப் போடுங்கண்ணே. போடுறப்ப பின்னாடி கொட்டகையில எட்டுப் பேரு இருக்காக, அவுகளுக்கு ஒரு கக்கூஸுன்னும் சேத்து எழுதுங்க. மாவுக்கும் லைசன்ஸ் பாக்கட்டும், கொட்டகைக்கும் பாக்கட்டும்."

பாண்டித்துரை மீசையைத் தடவினார். தடவிக்கொண்டே சுவரைப் பார்த்தார். சுவரில் ஏசி இருந்தது.

"சரி, பேச்சு எதுக்கு. இந்த வீட்டுச் சட்டம் இன்னைக்கு நேத்து போட்டதில்ல. நீ வந்தன்னைக்கே சொல்லித்தான் விட்டேன். சுவத்துல ஏசி இருந்தா காசு. அம்புட்டுதான்."

"இல்லாட்டி?"

"என்ன இல்லாட்டி?"

"சுவத்துல ஏசி இல்லாட்டி?"

அவர் சிரித்தார். "இல்லாட்டி காசு இல்ல. ஆனா இது மானாமதுரை இல்ல தங்கச்சி. ஏசி இல்லாம இந்த ஊர்ல யாரு குடியிருப்பா?"

"ஏங்க," என்றாள் அவள் வைரவனிடம். "ஹால்ல உள்ளதயும் சின்ன ரூம்ல உள்ளதயும் கழட்டுங்க."

தாரிணி உள்ளிருந்து எட்டிப் பார்த்தாள்.

வைரவன் பதினைந்து வருஷமாக ஊராருக்கு ஏசி மாட்டுகிறவன். ஷேக்குகளின் மாளிகையில் மாட்டியிருக்கிறான். ஆஸ்பத்திரியில் மாட்டியிருக்கிறான். மாட்டச் சொல்லி எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். கழற்றிவிடு, வேண்டாம் என்று சொன்ன முதல் ஆள் இவள்தான்.

"ஜூலைல என்ன பண்ணுவோம்?" என்று மெல்லக் கேட்டான்.

"பெரிய ரூம்ல மூணு பேரும் படுப்போம். பாப்பா ஜன்னல் பக்கம், நான் நடுவுல. நீங்க கொறட்டை விடுவீக, அதான் ஒரு கஷ்டம்."

"நான் அங்கயே படிச்சுக்குவேன்," என்றாள் தாரிணி. "ஐ டோன்ட் மைண்ட்ப்பா. நிஜமா."

அவன் மகளைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு உள்ளே போய் டூல் பெட்டியோடு வந்தான்.

"மாப்ள, விளையாடாத."

"வெளையாடல மச்சான். கொஞ்சம் நகந்துக்கங்க. தூசி விழும்."

ஏணியில் ஏறினான். வேலையில் இறங்கிவிட்டால் அவன் வேறு ஆள். ஸ்விட்சை அணைத்தான், பிளக்கை உருவினான், முகப்பைக் கழற்றித் தாரிணியிடம் கொடுத்தான். துருப்பிடித்த போல்ட் ஒன்று மட்டும் வரமாட்டேன் என்றது. எண்ணெய் விட்டு, ஸ்பானரின் பின்பக்கத்தால் இரண்டு தட்டு தட்டினான். வந்தது. அந்தக் கனத்தை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கியபோது நாகஜோதி ஒரு பக்கம் தாங்கினாள். இரண்டு பேருமாக வாசலுக்குத் தூக்கிப்போய் பிக்கப்பின் பின்னால் வைத்தார்கள். வண்டி ஒருமுறை குலுங்கி அமர்ந்தது.

ஹால் சுவரில் பெரிய சதுரமாக ஒரு ஓட்டை. அது வழியாக ஜனவரி வெயிலும் குளிர்ந்த காற்றும் சேர்ந்தே உள்ளே வந்தன. எதிர் வீட்டு ஈச்சமரம் தெரிந்தது. நாலு வருஷமாக அங்கே ஒரு மரம் இருப்பது தாரிணிக்குத் தெரியாது.

இரண்டாவதைக் கழற்ற இருபது நிமிஷம். பாண்டித்துரை அதற்குள் மூன்று பேருக்குப் போன் செய்தார். யாரிடமும் அதிகம் பேச முடியவில்லை. ஏசியைத் திருப்பிக் கொடுக்கிறார்கள் என்பதைப் புகாராகச் சொல்வது எப்படி என்று அவருக்கே விளங்கவில்லை.

"காலி பண்ணச் சொல்லுவேன்," என்றார் கடைசியாக.

"ஒப்பந்தம் ஆகஸ்ட் வரைக்கும் இருக்குண்ணே. வாடகை ஒரு மாசம் நின்னா சொல்லுங்க, பெட்டியக் கட்டிர்றோம்," என்றாள் நாகஜோதி. "இப்ப இந்த வீட்ல ஒரு ஏசி. மாசம் இருபத்திரண்டு. செவ்வாக்கெழம அறுபத்தாறு எடுத்துட்டீக. பிப்ரவரி, மார்ச், ஏப்ரல். மூணு மாசத்துக்குக் கரன்ட்டு காசு குடுத்தாச்சு. மே மாசம் வாங்க, கையில தர்றேன்."

பாண்டித்துரை வாயைத் திறந்தார். மனசுக்குள் கூட்டிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. மூன்று இருபத்திரண்டு அறுபத்தாறுதான். எப்படிப் போட்டாலும் அறுபத்தாறுதான்.

"ஜூலை மாசம் வரட்டும் தங்கச்சி. அப்பத் தெரியும். ராத்திரியிலயும் அனலடிக்கும். நீயே வந்து ஏசிய மாட்டுங்கண்ணேன்னு நிப்ப."

"ஜூலைலயும் வாங்க. தோசை ஊத்தித் தர்றேன். பெரிய ரூம்ல ஒக்காந்து சாப்புடலாம், அங்க ஏசி இருக்கும்."

அவர் செருப்பை மாட்டினார். ஒரு கால் மாட்டியதும், மாடிப்படியிலிருந்து ஜுலைஹா பீவியின் குரல் வந்தது. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாளோ.

"பாண்டித்துரை, வண்டிய எடுத்துறாத. எங்க வீட்லயும் ஒண்ணு கெடக்கு. மவன் வியாழக்கெழமயே பேங்க்ல நிப்பாட்டிட்டான். ஏ வைரவன் தம்பி, அந்தச் சாமானத் தூக்கிட்டு மேல வா."

அவளுக்குப் பின்னால் அடுத்த குடித்தனக் கதவும் திறந்தது. பாகிஸ்தான்காரன் தலையை நீட்டி, "கியா ஹுவா பாய்?" என்று என்ன நடந்ததென விசாரித்தான். பிக்கப்பில் கிடந்த இரண்டு ஏசிகளையும் பார்த்தான். பதிலுக்குக் காத்திராமல் உள்ளே திரும்பி, தன் வீட்டுச் சுவரைப் பார்த்தான்.

பாண்டித்துரை வண்டிக் கதவில் கைவைத்தபடி நின்றார். ஏறவுமில்லை, விலகவுமில்லை.

வைரவன் டூல் பெட்டியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டான். சட்டையெல்லாம் தூசி, தலையெல்லாம் ஒட்டடை. படியில் இரண்டிரண்டாகத் தாவி ஏறியவன், பாதியில் நின்று திரும்பினான்.

"மச்சான், அந்த ரெண்டையும் கொஞ்சம் ஓரமாத் தள்ளி வைங்க," என்றான். "இன்னும் எடம் வேணும்."